பெரட்டு: வந்தவர் யார் என்று கேட்கும் சொல்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘பெரட்டு’ என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. விடியற்காலையில் ஆட்கள் கூடி நின்று, பேர் கொடுத்து, வேலை பிரித்து வாங்கிக்கொண்டு போகிற கூட்டம்தான் பெரட்டு. கூடுகிற இடம் பெரட்டுக்களம். “பெரட்டுக்கு நேரமாச்சு”, “பெரட்டு கலைஞ்சிருச்சு”, “பெரட்டுலேயே சொல்லிட்டாங்க” என்று ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் அன்றாடம் புழங்குகிற சொல் இது. அச்சில் சிலர் ‘பிரட்டு’ என்று எழுதுவார்கள். பேச்சில் இரண்டும் கேட்கும்.

இந்தச் சொல்லின் பிறப்பைத் தேட என்னைத் தூண்டியது கணினித் துறை. வங்கி, மருத்துவமனை, தொலைபேசி போன்ற, நின்றுபோகக் கூடாத சேவைகளை ஒரே ஒரு சேர்வரை நம்பி யாரும் நடத்துவதில்லை. மூன்றோ ஐந்தோ சேர்வர்களைச் சேர்த்து ஒரு கொத்தணி ஆக்குகிறார்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். ‘கொத்தணி’ என்ற சொல் 2020இல் மினுவாங்கொடை, பேலியகொடை என்று கொரோனாச் செய்திகளில் அடிபட்டு இலங்கைத் தமிழருக்கு நன்றாகவே பழகிவிட்டது. கொத்தணியில் உள்ள ஒவ்வோர் இயந்திரமும் ஒரு கணு. கணுக்கள் தமக்குள் பேசிக்கொள்ள வழி செய்வதே கொத்தணி அமைப்பவரின் முதல் வேலை. அப்படி அவை ஓயாமல் என்னதான் பேசிக்கொள்கின்றன என்று பார்த்தால், அடியில் இருப்பது ஒரே கேள்வி: இப்போது யார் யார் இருக்கிறோம்?

சேர்வருக்கும் கணுவுக்கும் கொத்தணிக்கும் தமிழில் சொல் இருக்கிறது. ஆனால் கூடி நின்று, வந்தவர் யாரென ஒப்புக்கொண்டு, பிறகே வேலையைத் தொடங்கும் அந்தச் செயலுக்கு ‘உறுப்பினர் நிலையை உறுதிப்படுத்தல்’ போன்ற நீண்ட தொடர்கள்தான் கிடைக்கின்றன. அந்தத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் அதே செயலுக்கு நாலெழுத்தில் ஒரு சொல் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. அது எங்கிருந்து வந்தது, எதையெல்லாம் சுமந்து வந்தது என்று பார்த்துவிட்டால், அதைக் கணினிக்குக் கடன் கொடுக்கலாமா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று வழிகள்

பெரட்டுக்கு மூன்று பிறப்பு சொல்லிப் பார்க்கலாம்.

முதலாவது பேரேடு. கணக்கு எழுதுகிற பெரிய ஏடு பேரேடு. அதை உருபோடு சொன்னால் ‘பேரேட்டில்’, ‘பேரேட்டுக்கு’ என்று ஆகும். பேர் எழுதுகிற இடம் ஆதலால் பேரேட்டுக்களம், அது தேய்ந்து பெரட்டுக்களம் என்று ஒருவர் வாதாடலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் பேர் பதிகிற புத்தகத்துக்குப் பேரேடு என்று பெயரில்லை, அது செக்ரோல். அதோடு, ‘பெரட்டு கலைந்தது’ என்பது வழக்கு. கூட்டம் கலையும், ஏடு கலையாது.

இரண்டாவது வினைச்சொல் வழி. புரட்டு, பிரட்டு என்று சட்டியில் கறியைத் திருப்பிப் போடுவதைச் சொல்கிறோம். ஆட்களைப் புரட்டி எடுக்கிற இடம் பெரட்டு என்று கேலியாகச் சொல்லிச் சிரிக்கலாம். கேலிக்கு அப்பால் அதற்குப் பிடிமானம் இல்லை. வினையடியாகப் பிறந்த சொல் என்றால், கூடுவதைக் குறிக்கும் வழக்காக ‘ஆட்களைப் பிரட்டினார்கள்’ என்றும் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு வழக்கு இல்லை.

மூன்றாவது ஆங்கிலத்துப் பரேட். பொருளும் ஒலியும் ஒருங்கே பொருந்துவது இங்கேதான்.

இன்றைய வாசகருக்குப் பரேட் என்றதும் சுதந்திர தினத்தன்று வாத்தியம் முழங்கப் போகும் அணிவகுப்பு நினைவுக்கு வரும். ஆனால் பட்டாளத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு: படைவீரரை ஓரிடத்தில் நிறுத்தி, எல்லோரும் வந்தார்களா, ஆயத்தமாக இருக்கிறார்களா என்று பார்வையிடுவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல்லின் மூலம் ‘ஆயத்தம் செய்’ என்று பொருள்படும் இலத்தீன் வினை. தோட்டத்துப் பெரட்டில் ஊர்வலமும் இல்லை, வாத்தியமும் இல்லை. ஆயத்தமும் கணக்கெடுப்பும் உண்டு. பட்டாளத்துப் பொருளை மலையகம் அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

பரேடு எப்படிப் பெரட்டு ஆனது? டகர ஒற்று இரட்டித்ததற்கு எனக்குப் படுகிற காரணம் தமிழின் உருபுப் புணர்ச்சி. வீடு என்போம், வீட்டுக்கு என்போம். நாடு, நாட்டில். ரோடு என்ற ஆங்கிலச் சொல்லைக்கூட விடவில்லை: ரோட்டில், ரோட்டுக்கு. ‘டு’ என்று முடியும் இத்தகைய பெயர்கள் உருபு ஏற்கும்போது ஒற்று இரட்டிக்கும். பெரட்டைப் பற்றிப் பேசும் வாக்கியங்களைப் பாருங்கள்: பெரட்டுக்குப் போ, பெரட்டில் நில், பெரட்டுக்களத்துக்கு வா. எழுவாயாக வருவதைவிட உருபோடும் தொகையாகவும்தான் அது அதிகம் வருகிறது. கேட்ட காதுக்கு இரட்டித்த வடிவமே இயல்பான வடிவமாகி, அதுவே பெயராக நிலைத்திருக்க வேண்டும்.

நடுவிலிருந்த ஏகாரம் குறுகி அகரமானதற்குத் தமிழில் முன்பே இருந்த ஓர் ஒலிக்கூட்டம் உதவியிருக்கும். திரட்டு, விரட்டு, மிரட்டு. புதுச்சொல் இந்த வாய்பாட்டில் போய் விழுந்தது. ஆளைத் திரட்டுவது, மலைக்கு விரட்டுவது, பிந்தி வந்தால் மிரட்டுவது என்று அந்தக் களத்தில் நடந்தவையும் இவைதானே.

கூடவே ஒட்டிக்கொண்ட ‘களம்’ பழந்தமிழ்ச் சொல். நெல் அடிக்கும் இடமும் களம், போர் நடக்கும் இடமும் களம். பட்டாளத்துச் சொல் ஒன்று பயிர்த்தொழிலுக்குள் நுழையும்போது, இரண்டு பக்கமும் கால் வைத்த ஒரு தமிழ்ச்சொல் அதற்குத் துணை வந்திருக்கிறது.

பட்டாளத்திலிருந்து மலைக்கு

ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தோட்டத் துரைமார் தங்கள் ஆங்கிலத்தில் இந்தக் காலைக் கூட்டத்தை மஸ்டர் என்றே எழுதினார்கள். அதுவும் பட்டாளத்துச் சொல்தான்; ‘காட்டு’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் ‘மஸ்டர் ரோல்’ என்று சொல்வது அதே சொல்லைத்தான். துரை மஸ்டர் என்று சொல்ல, தொழிலாளி ஏன் பரேடைப் பிடித்துக்கொண்டார்?

சொல் தேயிலைக்கு முன்னமே மலையேறிவிட்டது என்பதே என் ஊகம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கு முன் இந்த மலைகளில் இருந்தது கோப்பி. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பியை ஊக்குவித்தபோது, காணி வாங்கியவர்களில் பட்டாள அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் நிறைய. அதே காலத்தில் மலைநாட்டு வீதிகளை வெட்டிய பயனியர் படைப்பிரிவு பட்டாள ஒழுங்கில் நடந்த தொழிலாளர் படை. தோமஸ் ஸ்கின்னர் போன்ற படை அதிகாரிகளின் கீழ் தென்னிந்தியத் தமிழர் பலர் அதில் வேலை செய்தார்கள். பரேடும் படைமுகாம் ஒழுங்கும் அந்த வழியில் தமிழ்க் காதுகளுக்குப் பழகியிருக்க வாய்ப்பு அதிகம். 1869இல் இலைநோய் பரவத் தொடங்கிக் கோப்பி அழிந்தது. பயிர் மாறியது, காலைக் கூட்டமும் அதன் பெயரும் மாறவில்லை.

இதற்குப் பக்கச் சாட்சி லயம். தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு லயம், லயன் என்று பெயர். பட்டாளத்தார் குடியிருப்பையும் ஆங்கிலேயர் ‘லைன்ஸ்’ என்றே அழைத்தார்கள். வசிக்க லைன், கூட பரேட். தோட்டத்தின் தரைப்படமே முகாமைப் பார்த்து வரைந்ததாக இருக்கிறது. பிரித்தானியர் தமிழரைக் கூட்டிப்போன மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் லயமும் பெரட்டும் வழங்கின என்பது இந்த வழியை இன்னும் உறுதியாக்குகிறது.

படைப்பயிற்சிக்குத் தமிழில் அதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது: கவாத்து. விதிகள் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது அது. ஆனால் தோட்டத்தில் கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்யும் வேலை. கவ்வாத்து மலை, கவ்வாத்துக் கத்தி, கவ்வாத்துக்காரர் என்று அந்தச் சொல் முழுவதும் செடிக்குப் போய்விட்டது. ஆட்களை வரிசையில் நிறுத்துவதற்கு வேறு சொல் வேண்டியிருந்த இடத்தில் பெரட்டு வந்து உட்கார்ந்தது என்று கொள்ளலாம்.

பேர் என்கிற நாட்கூலி

பெரட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் சொல்லின் உள்ளடக்கம் பிடிபடும்.

இருள் பிரியுமுன் தப்பு அடிப்பார்கள். அது பெரட்டுத் தப்பு. லயங்களிலிருந்து ஆட்கள் களத்துக்கு வந்து கங்காணிக்கு ஒரு கூட்டமாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை, கண்டக்டர், சில நாள் சின்னத்துரை அல்லது பெரியதுரையே நிற்பார். வந்தவர்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் வேலை பிரிப்பு: இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் கவ்வாத்துக்கு, முள்ளுக்குத்த இவர்கள், புல்லுவெட்ட இவர்கள், இன்ன நம்பர் மலைக்கு இன்ன கங்காணி. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த மலைக்கு எவரை அனுப்புவது என்று முடிவெடுக்க முடியாது. வேலையைவிட வருகை முந்தியது.

வந்ததற்குக் கிடைப்பது பேர். தமிழில் மூன்று பேர், நான்கு பேர் என்று ஆளைப் பெயரால் எண்ணுவது எல்லோருக்கும் உள்ள வழக்கம். தோட்டத் தமிழ் ஒரு படி மேலே போய், ஒருநாள் வேலைக்கும் அதற்குரிய கூலிக்கும் பேர் என்றே சொல்லிவிட்டது. “இந்த மாசம் எனக்கு இருபது பேரு” என்றால் இருபது நாள் வேலை பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். ஒருவருக்குப் பேர் பிறப்பில் வைத்ததோடு முடியவில்லை. அன்றன்றைக்கு நேரில் வந்து நின்று வாங்க வேண்டியதாக இருந்தது.

பட்டியலில் பேர் இருப்பது வேறு, இன்றைக்குப் பேர் விழுவது வேறு. செக்ரோலில் பெயருள்ள எல்லோரும் ஒரு நாளும் வந்துவிடுவதில்லை. இந்த வேறுபாடுதான் சேர்வர் கொத்தணியிலும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இயந்திரங்களின் பெரட்டு

இயந்திரங்கள் தம் இருப்பை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் ஏற்பாட்டுக்கு அரை நூற்றாண்டு வயது. 1974இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டாண்டம் நிறுவனம், ஒரு பாகம் பழுதானாலும் நிற்காத கணினிகளைச் செய்தது. அதில் ஒவ்வொரு செயலியும் ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று மற்றவற்றுக்குச் சிறு செய்தி அனுப்பும். அனுப்பும் இடைவெளியின் இருமடங்குக்கு ஒருமுறை, மற்றவர்களிடமிருந்து செய்தி வந்ததா என்று ஒவ்வொன்றும் பார்க்கும். வராவிட்டால் அந்தச் செயலி இல்லை என்று வைத்து அதன் வேலையைப் பிரித்துக்கொள்ளும். 1990களின் இறுதியில் அலன் ராபர்ட்சன் தொடக்கிய லினக்ஸ் திட்டம் இதே வேலையைச் செய்யும் தன் மென்பொருளுக்கு ஹார்ட்பீட், இதயத்துடிப்பு, என்று பெயர் வைத்தது. வலைவடம் அறுந்தாலும் துடிப்பு கேட்கட்டும் என்று இரண்டு சேர்வர்களுக்கு இடையே தனியாக ஒரு சீரியல் வடத்தையும் அன்று பூட்டுவார்கள்.

துடிப்பு ஒருவருடையது. ‘நான் இருக்கிறேன்’ என்பதை மட்டும் அது சொல்லும். ‘நாம் யார்’ என்பதற்குத் துடிப்பு போதாது. அ, ஆ, இ என்று மூன்று கணுக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அ-வுக்கு ஆ-வின் குரல் கேட்கிறது, இ-யின் குரல் கேட்கவில்லை. ஆ-வுக்கோ இருவர் குரலும் கேட்கிறது. இப்போது கொத்தணியில் இருப்பது இருவரா மூவரா? ஒவ்வொருவரும் தத்தம் காதை நம்பினால் ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்த வழிகளில் ஒன்று டோட்டம். சாந்தா பார்பராவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1995இல் ஆய்விதழில் வெளியான நெறிமுறை. இன்று லினக்ஸ் கொத்தணிகளில் பரவலாகப் பயன்படும் கோரோசிங்க் அதன்மேல்தான் நிற்கிறது. டோட்டம் என்பது வட அமெரிக்க ஒஜிப்வே மக்களின் குலக்குறிச் சொல். யார் எந்தக் குலம் என்று காட்டும் அடையாளம்.

டோட்டத்தில் கணுக்களிடையே ஒரு டோக்கன் சுற்றிக்கொண்டே இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். பேசியதற்கு வரிசை எண் உண்டு. ஆகவே எல்லோரும் எல்லாச் செய்தியையும் ஒரே வரிசையில் கேட்பார்கள். டோக்கன் குறித்த நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் எல்லாரும் வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு ஒரு சிறப்பு நிலைக்குப் போகிறார்கள். நெறிமுறையில் அந்த நிலையின் பெயருக்குக் ‘கூடுதல்’, ‘திரளுதல்’ என்றே பொருள். அதில் ஒவ்வொரு கணுவும் இரண்டு பட்டியல்களை அறிவிக்கும்: நான் அறிந்தவர் இவர்கள், செயலிழந்ததாக நான் கருதுபவர் இவர்கள். பட்டியல்கள் ஒத்துப்போகும்வரை அறிவிப்பு தொடரும். ஒத்துப்போனதும் புதுக் கொத்தணி உறுதியாகும். விடுபட்ட செய்திகளை ஒருவருக்கொருவர் கொடுத்துச் சரிக்கட்டுவார்கள். பிறகே வேலை தொடங்கும். கூடுவது, பேர் கொடுப்பது, ஒப்புக்கொள்வது, கலைந்து வேலைக்குப் போவது. வரிசை மாறாமல் இது பெரட்டு.

கோரோசிங்கை அமைக்கிறவர் எழுதும் கோப்பும் இதைத்தான் கேட்கிறது. முதலில் பட்டியல்: எந்தெந்தக் கணு, அதன் எண் என்ன, எந்த முகவரியில் கூப்பிடலாம். முகவரி ஒன்று போதாது. ஒரு வலை அறுந்தால் மற்றொன்றில் பேச இரண்டு பாதைகளாவது கொடுப்பது நல்லது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு எட்டுப் பாதைகள் வரை ஏற்கும். அடுத்து எல்லாக் கணுக்களிலும் ஒரே இரகசியச் சாவிக் கோப்பு. களத்தில் அந்நியர் வந்து நின்று பேர் கொடுத்துவிடாமல் இருக்க அது காவல். தீச்சுவரில் யூடிபி 5405 முதலான வாசல்களைத் திறந்துவிட வேண்டும். இதை மறந்தால் எல்லாச் சேர்வரும் உயிரோடிருக்க, ஒவ்வொன்றும் தான் மட்டுமே மிஞ்சியதாக நினைத்துக்கொள்ளும்.

பிறகு காத்திருப்பு நேரம். டோக்கன் எவ்வளவு நேரம் வராவிட்டால் இழந்ததாகக் கொள்வது? முன்பு இயல்பாக 1000 மில்லிசெக்கன் இருந்தது, இப்போது 3000. கணுக்கள் கூடினால் காத்திருப்பும் கூடும்: இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கணுவுக்கும் 650 மில்லிசெக்கன் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஐந்து கணு என்றால் 4950. நேரத்தை மிகவும் குறைத்தால், வலை ஒரு கணம் திணறினாலும் வேலை நின்று பெரட்டு கூடும். மிகவும் கூட்டினால், விழுந்தவர் விழுந்தது தெரியாமல் சேவை முடங்கி நிற்கும்.

நடப்பெண்ணும் பாதியும்

வந்தவர் யாரென்று தெரிந்தால் மட்டும் போதாது. வந்தவர் போதுமா என்றும் பார்க்க வேண்டும். ஐந்து சேர்வர்களுக்கு நடுவே வலை அறுந்து மூன்று ஒருபக்கமும் இரண்டு மறுபக்கமும் பிரிந்துவிட்டால், இரு பக்கமும் தத்தம் பெரட்டைக் கூட்டி ஒரே தரவை ஆளுக்கொரு விதமாக எழுதத் தொடங்கும். எழுதிய பின் எதை நம்புவது?

இதற்கான ஏற்பாடு கோரம். ‘எவருள்’ என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. இங்கிலாந்தில் சமாதான நீதவான்களை நியமிக்கும் ஆணையில், ‘எவருள் இன்னார் ஒருவராக இருக்க வேண்டும்’ என்று சிலரைக் குறிப்பிட்டுச் சொல்லும் வாசகத்திலிருந்து பிரிந்து தனிச்சொல்லானது. 1983இல் அறிவிக்கப்பட்ட வாக்ஸ்கிளஸ்டர் என்ற கொத்தணி, கணுக்களுக்கு வாக்கு கொடுத்து இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தியது. இலங்கைத் தமிழில் இதைக் கூட்ட நடப்பெண் என்கிறோம். கூட்டம் நடப்பதற்கு வேண்டிய எண். ஆள்கணக்கும் செயலும் ஒரே சொல்லில் அடங்கிய நல்ல ஆக்கம்.

இலங்கைப் பாராளுமன்றத்தில் 225 உறுப்பினருக்குக் கூட்ட நடப்பெண் 20. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொத்தணிக்கு இது ஆகாது. பாதிக்கு மேல் வேண்டும். ஐந்துக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு. பாராளுமன்றத்துக்கு ஒரே சபைமண்டபம். இருபது பேர் இங்கும் இருபது பேர் வேறிடத்திலும் கூடி இரண்டு பாராளுமன்றம் நடத்த முடியாது. கொத்தணிக்கோ வலை அறுந்த கணமே இரண்டு மண்டபங்கள் உண்டாகிவிடும். பாதிக்கு மேற்பட்ட எண்ணிக்கை ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தில்தான் இருக்க முடியும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைத்தான் காவலாக வைத்திருக்கிறார்கள். இரண்டே கணு உள்ள கொத்தணியில் இது இடறும். அதற்கென்று தனி அமைப்பு உண்டு: முதல்முறை எழும்பும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும், பார்க்காமல் யாரும் வேலையைத் தொடங்கக் கூடாது.

பட்டியல் யார் கையில்

இவ்வளவு பொருத்தம் இருந்தாலும் ஓரிடத்தில் தோட்டமும் கொத்தணியும் நேரெதிர்.

கொத்தணியில் ஒவ்வொரு கணுவும் பட்டியல் வைத்திருக்கிறது; எல்லோரும் கணக்கப்பிள்ளை. பட்டியல்கள் ஒத்துப்போனால்தான் பெரட்டு கலையும். தோட்டத்தில் பட்டியல் ஒன்றே. அது தோட்ட நிருவாகத்தின் கையில். நின்றவர் தான் நின்றதைச் சொல்லலாம். பேர் விழுந்ததா என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. நடுவில் நின்ற கங்காணிக்கோ, வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இத்தனை சதம் என்று தனிக் கொடுப்பனவு இருந்த காலமும் உண்டு. ஆள் எண்ணுகிறவருக்கே அந்த எண்ணிக்கையில் ஆதாயம். தொழிலாளியின் கடனை ஒரு தாளில் எழுதி, தோட்டம் மாறும்போது அந்தக் கடனோடு ஆளையும் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

பட்டியல் ஒருவர் கையில் மட்டும் இருப்பதன் விளைவை மலையகம் நாட்டளவிலும் கண்டது. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தபின், விடிந்தால் பெரட்டில் பேர் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நாட்டின் இடாப்பில் பேர் இல்லை. நேரில் நின்றிருக்கிறார்கள், உழைத்திருக்கிறார்கள். பட்டியலில் மட்டும் இல்லை. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. எண்ணப்பட்டவர்களிடம் அவர்களது பட்டியலை யாரும் கேட்கவில்லை.

மௌனத்தின் பொருளும் இரண்டு இடத்தில் இரண்டு. கொத்தணியில் பேசாத கணு பழுதான கணு. அது வெறுமனே பிந்திவிட்டதா, உண்மையிலேயே விழுந்துவிட்டதா என்று மற்றவர்களால் அறிய முடியாது. ஆகவே மற்றவர்கள் அதன் மின்சாரத்தையே துண்டித்துவிடுவார்கள். கொடூரமாகத் தோன்றினாலும், பாதி உயிரோடு இருக்கும் கணு தரவைக் கெடுப்பதைத் தடுக்க அதுதான் பாதுகாப்பான வழி. தோட்டத்தில் வேண்டாதவரின் பேரை வெட்டி, வேலைநீக்கச் சீட்டான பத்துச்சீட்டைக் கொடுத்து அனுப்பியதும் துண்டிப்புத்தான். ஆனால் பெரட்டுக்களம் வெறுமையாகக் கிடந்தால் அது பழுதின் அடையாளம் இல்லை. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து, ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு 2018 டிசம்பரில் நடந்த போராட்டம் வரை, வேலைநிறுத்தத்தின் முதல் செயல் பெரட்டுக்குப் போகாமல் இருப்பது. பேர் கொடுக்காமல் இருப்பதே பேச்சு. இயந்திரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் மௌனத்துக்கு ஒரே பொருள்தான் வைத்திருக்கிறோம்.

கடன் கொடுக்கலாமா

கொடுக்கலாம் என்பதே என் முடிவு. பிறமொழிச் சொல் ஆயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. இரண்டு நூற்றாண்டை நெருங்கிய வாழ்வில் அது ஒற்று இரட்டித்து, ஏகாரம் குறுகி, களத்தோடு புணர்ந்து முழுத் தமிழாகிவிட்டது. உள்ளே வர அது கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. ‘இதயத்துடிப்பு’ தனிக்கணுவின் குரலுக்கு இருக்கட்டும். ‘கூட்ட நடப்பெண்’ போதுமான எண்ணிக்கைக்கு இருக்கட்டும். இவ்விரண்டுக்கும் நடுவில், எல்லோரும் கூடி வந்தவர் யாரென்று ஒப்புக்கொள்ளும் செயலுக்குப் பெரட்டு இருக்கட்டும். அகராதியில் இப்படி ஏற்றலாம்:

பெரட்டு, பெயர்ச்சொல். 1. பெருந்தோட்டங்களில் வேலை பிரிப்பதற்கு முன் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் காலைக் கூட்டம். 2. சேர்வர் கொத்தணியில், இயங்கும் கணுக்கள் யாவை என்று எல்லாக் கணுக்களும் ஒருமித்து உறுதிசெய்யும் கட்டம்.

இரண்டாம் பொருளில் ‘ஒருமித்து’ என்று வருகிறது. முதற்பொருளில் அந்தச் சொல்லை எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தச் சொல் கணினிக்குப் பயன்படும் என்கிறேன். செயற்கையான எந்தக் கலைச்சொல்லும் பொறியியலாளரிடம் எதையும் கேட்காது. பெரட்டு கேட்கும்: பட்டியல் யார் கையில் இருக்கிறது, பிந்தி வருகிறவருக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், வராதவரை என்ன செய்வீர்கள்? இந்த மூன்றுக்கும் விடை எழுதியவர் கொத்தணியின் தொடர்பாடலை அமைத்து முடித்தவர். மலையகத்தில் இந்த மூன்றுக்கும் விடையை மற்றவர்களே எழுதினார்கள். அந்தக் கூட்டத்தின் பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி செதுக்கியது மட்டும் களத்தில் நின்றவர்கள்.